உறையாத சாறு: திருச்சிராப்பள்ளி, திருவரங்க உணவு மரபுகளில் வெப்பமும் உறைதலும்

ஆய்வுச்சுருக்கம்

ஆடு, மாடு முதலியவற்றின் கால்களையும் எலும்புகளையும் நெடுநேரம் வேகவைத்து, வடித்த சாற்றைக் குளிரவைத்து உறைந்த நிலையில் உண்ணும் உணவு ஆஸ்பிக் எனப்படுகிறது. திருச்சிராப்பள்ளியில் கால்களை வேகவைத்துச் சாறெடுக்கும் வழக்கம் வேரூன்றியிருந்தும், அச்சாறு உறைந்த உணவாக வளரவில்லை. இதற்குச் சமய விலக்கையோ சமையல் அறியாமையையோ காரணமாகக் கூறுவது பொருந்தாது. ஊரின் வெப்பநிலையே முதற்காரணம் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஆட்டுக்கால் பாயா, உறைசாறு, தயிர், கடற்பாசி, பனிக்கட்டி, திருச்சிராப்பள்ளி.

முன்னுரை

ஓர் ஊரில் ஓர் உணவு வழங்குவதற்கு வரலாறு இருப்பதைப் போலவே, அது வழங்காமைக்கும் வரலாறு உண்டு. ரஷ்யாவில் இறைச்சி உறைசாற்றுக்கு வழங்கும் ‘ஹொலொதெத்ஸ்’ என்னும் பெயர், குளிரைக் குறிக்கும் சொல்லின் அடியாகப் பிறந்தது. குளிர்காலத்தில் சமையலறைக்கு வெளியே வைத்தாலே சாறு உறைந்துவிடும் நாட்டில் அது எளிய வீட்டு உணவு. காவிரிக்கரையில் அந்நிலை இல்லை. ஆனால் திருச்சிராப்பள்ளியில் இவ்வுணவு காணப்படாமையைத் திருவரங்கத்தின் புலால் மறுப்போடு இணைத்துக் காண்பது எளிதாகத் தோன்றலாம். அக்கருத்து இங்கு மறுபரிசீலனைக்கு உட்படுத்தப்படுகிறது.

சாறு உறையும் முறை

விலங்குகளின் தோல், தசைநார், மூட்டு ஆகியவற்றில் கொலாஜன் என்னும் புரதம் மிகுந்துள்ளது. கொதி மிகாமல் சிறுதீயில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வேகும்போது அது கரைந்து ஜெலட்டினாகிறது. சாற்றை வடிகட்டி, மேலே படியும் கொழுப்பை நீக்கி, முட்டை வெண்கருவைக் கலந்து மெல்லச் சூடாக்கினால் கலங்கல் அதனோடு திரண்டு மேலெழும். எஞ்சுவது கண்ணாடி போன்ற தெளிந்த சாறு. இதனை இறைச்சித் துண்டுகளின்மேல் ஊற்றிக் குளிரவைப்பர். ஏறத்தாழ 20 செல்சியஸ் பாகைக்குக் கீழே சென்றால்தான் அது நன்கு இறுகும். 30 முதல் 35 பாகைக்குள் மீண்டும் உருகிவிடும்.

திருச்சிராப்பள்ளியின் கோடைப் பகல்கள் 40 பாகையைத் தொடுபவை. மார்கழி, தை மாத இரவுகளும் பொதுவாக 20 பாகையை ஒட்டியே அமைகின்றன. எனவே குளிர்மிகுந்த விடியலில் சாறு சற்றுக் கொழகொழப்பாகலாம். வெயில் ஏறியதும் நீர்த்துவிடும்.

கால்சாற்று மரபு

சோழநாட்டில் இறைச்சியை வேகவைத்து உண்ணும் வழக்கம் பழமையானது. கரிகால் சோழனைப் பாடும் பொருநராற்றுப்படை, வேகவைத்த ஆட்டுத்தொடை இறைச்சியையும் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியையும் விருந்துணவாகக் காட்டுகிறது. இரண்டும் சூட்டோடு உண்ணப்பட்டவை.

பிற்காலத்தில் ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சி திருச்சிராப்பள்ளியில் உருது பேசும் மக்களின் உணவு வழக்குகளை வலுப்படுத்தியது. நவாப் முகம்மது அலி வாலாஜாவின் அடக்கத்தலம் இங்குள்ள நத்தர்வலி தர்காவில் இருப்பது இத்தொடர்பின் சான்று. ‘பாயா’ என்னும் சொல் காலைக் குறிக்கும் பாரசீக, உருதுச் சொல்வழி வந்தது. ஆட்டுக்காலைத் தீயில் வாட்டி மயிர் நீக்கி, மஞ்சள் தடவிக் கழுவித் துண்டாக்கி, இஞ்சி, பூண்டு, மிளகு, சின்ன வெங்காயம் சேர்த்து நெடுநேரம் வேகவைப்பர். சாறு பக்குவமானதற்கு அடையாளம், அது விரலிலும் உதட்டிலும் பிசுபிசுவென ஒட்டுவதாகும். அப்பிசுபிசுப்பே ஜெலட்டின். ஆகவே உறைசாற்றின் மூலப்பொருளும், அதனைப் பிரித்தெடுக்கும் பக்குவமும் இவ்வூர் மக்களுக்குத் தெரிந்தவையே. தொடையும் நெஞ்சும் வாங்க இயலாதோர்க்குத் தலையும் காலும் எட்டின என்பதால், இந்த நுண்ணறிவு பெரும்பாலும் எளிய வீடுகளின் பெண்களிடமும் உணவுக்கடைச் சமையற்காரர்களிடமும் தங்கியிருந்தது. சமையல் நூல்களில் இடம்பெறாமையால் அதனை அறிவன்று எனக் கொள்ளவியலாது.

பனிக்கட்டியும் உறைசாறும்

ஆங்கிலேயர் தம் நாட்டு உறைசாற்றை இங்கு ஆக்க முயன்றபோது, அவர்களுக்கும் வெப்பமே தடையாயிற்று. வெடியுப்பைக் கரைத்து நீரைக் குளிர்விக்கும் முறை அயினி அக்பரியிலேயே கூறப்பட்டுள்ளது. எனினும் அது பெருஞ்செலவுடையது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னையில் 1842இல் ஐஸ் ஹவுஸ் எழுப்பப்பட்டது. திருச்சிராப்பள்ளியோ அங்கிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது.

சென்னைக் குதிரைப்படை அலுவலர் கென்னி ஹெர்பர்ட், ‘வைவர்ன்’ என்னும் புனைபெயரில் 1878இல் வெளியிட்ட சமையல் நூல், மாகாணத்து ஆங்கிலேயர் இல்லங்களை நோக்கியது. அத்தகைய இல்லங்களின் ஐரோப்பிய விருந்துமுறை பனிக்கட்டியைச் சார்ந்திருந்தது. 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு இரயில்வே பணிமனை மாற்றப்பட்டபின் ஆங்கிலோ-இந்தியக் குடியிருப்பு அங்கு வளர்ந்தது. ஆயினும் உறைசாறு பனிக்கட்டி வாங்க இயன்ற வீடுகளின் எல்லையைத் தாண்டி ஊருணவாகவில்லை. அதனைத் தடுத்தது விலக்கன்று, விலை.

வெப்பம் ஏற்ற உறைபொருள்கள்

உறைந்த உணவின்மீது இவ்வூரார்க்கு வெறுப்பில்லை என்பதற்கு இரு சான்றுகள் போதும். முதலாவது, திருவரங்கத்தின் தயிர். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்கள் 40 பாகையை ஒட்டிய வெப்பத்தில் விரைந்து செயல்படுபவை. சாற்றை உறையவிடாத அதே வெயில், உறை ஊற்றிய பாலைச் சில மணி நேரத்தில் கட்டித்தயிராக்குகிறது. வைணவக் கோயில்களில் படைக்கப்படும் ததியோதனம் அத்தயிரால் ஆனது.

இரண்டாவது, இசுலாமியர் இல்லங்களில் நோன்பு திறக்கும்போது பரிமாறப்படும் கடற்பாசி. பாசியிலிருந்து பெறப்படும் அகர் 35 முதல் 40 பாகையிலேயே இறுகும். மீண்டும் உருக ஏறத்தாழ 85 பாகை வெப்பம் வேண்டும். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றினால், கோடையிலும் அது துண்டு துண்டாக வெட்டும் பதத்தில் நிற்கும். உணவு வேறாயினும், சமயம் வேறாயினும், இரு வீடுகளும் வெப்பத்தை ஏற்கும் உறைபொருளையே தேர்ந்துள்ளன.

முடிவுரை

காலைச் சாறாக்கும் அறிவும், உறைந்த உணவின் மீதான விருப்பமும் திருச்சிராப்பள்ளியில் ஒருங்கே இருந்தன. அவற்றை இணைக்கும் குளிர் மட்டுமே இல்லை. எனவே இறைச்சிச்சாறு சூட்டோடு குடிக்கும் உணவாகவும், உறைதல் தயிருக்கும் கடற்பாசிக்கும் உரியதாகவும் பிரிந்தன. திருவரங்கத்தின் புலால் மறுப்பு அத்தீவின் உணவை விளக்கும்; ஆற்றின் தென்கரையில் புலால் உண்டோரின் உணவை அது விளக்காது.

எனினும் வெப்பத்தையே ஒரே காரணமாகவும் கொள்ளவியலாது. இன்று குளிர்பதனப் பெட்டியில் வைத்த ஆட்டுக்கால் சாறு மறுநாள் காலையில் முழுமையாக உறைந்திருக்கிறது. வீட்டார் அதனை அடுப்பில் ஏற்றி உருக்கியே உண்கின்றனர். தட்பவெப்பம் தோற்றுவித்த வழக்கம், அத்தட்பவெப்பத் தடை நீங்கிய பின்னரும் சுவையாக நிலைத்துவிட்டது என்பதே இதன்வழிப் பெறப்படும் முடிபு.