எகிப்தில் ஹெபடைட்டிஸ் சி: தொற்றும் மருந்துத் தேவையும்

ஹெபடைட்டிஸ் சி இரத்தத்தின் வழியே பரவி, கல்லீரலைப் பல ஆண்டுகள் அறிகுறியின்றிச் சிதைக்கும் வைரஸ் நோய். எகிப்தில் அதைப் பெருமளவில் பரப்பியது மருத்துவமே என்பது மனத்தை உறுத்தும் உண்மை. 1950களிலிருந்து 1980கள் வரை, பில்ஹார்சியா என்னும் ஒட்டுண்ணி நோயை ஒழிக்க அரசு கிராமந்தோறும் ஊசி போட்டது. சரிவரத் தூய்மை செய்யாத ஊசிகள் பலருக்கும் பயன்பட்டன. 2008ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரிடம் இத்தொற்றுக்கான எதிர்ப்பொருள் காணப்பட்டது.

இத்தனை பேர் நோயுற்றிருந்தும் மருந்துத் தேவை தானாக எழுவதில்லை. நோயை அறிந்தவரும் விலை கொடுக்க இயன்றவருமே சந்தைக்கு வருகிறார்கள். அமெரிக்காவில் 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் விலை வைக்கப்பட்ட சோஃபோஸ்புவிர் என்னும் ஹெபடைட்டிஸ் சி மாத்திரை, 2014இல் எகிப்து அரசுக்கு 900 டாலருக்குக் கிடைத்தது. உள்நாட்டு நிறுவனங்களின் தயாரிப்பு அதை மேலும் மலிவாக்கியது. விலை குறைந்தால் போதாதா என்று கேட்கலாம். போதவில்லை: நோயை அறிந்தவர்கள் குணமானதும் சிகிச்சை மையங்களுக்கு வருவோர் குறைந்தனர், அறியாதவர்களோ வீட்டிலேயே இருந்தனர். 2018–19இல் சுமார் 5 கோடிப் பேரைப் பரிசோதித்து, தொற்றுள்ளோருக்கு இலவசச் சிகிச்சை அளித்த பிறகே அந்த மறைந்த தேவை வெளிப்பட்டது. நோயாளிகள் தீர்ந்தால் மருந்துத் தொழில் நலியுமே என்ற கவலைக்கு நான் இடம் தரமாட்டேன். இந்தச் சந்தை சுருங்குவதுதான் வெற்றி. குணமானவருக்கும் மீண்டும் தொற்றலாம், தடுப்பூசியும் இல்லை என்பது வலுவான மறுப்பு. ஆகவே பாதுகாப்பான ஊசியும் இரத்தப் பரிசோதனையும் மாத்திரைக்கு இணையான இடம் பெற வேண்டும். பரிசோதனையும் சிகிச்சையும் இவ்வாறு பரவலான பின், 2023இல் உலக சுகாதார நிறுவனம், நோயொழிப்புப் பாதையில் 'தங்க' நிலையை எட்டிய முதல் நாடாக எகிப்தை அறிவித்தது.