கெய்ரோவின் சிவப்புப் புள்ளிகள்

எகிப்திய அரபியில் 'முஆக்சா' என்றொரு சொல் உண்டு. தெருவில் போகும் பெண்ணைப் பார்த்து விசிலடிப்பது, பின்தொடர்வது, நெரிசலில் கையை வைப்பது எல்லாவற்றையும் அந்தச் சொல்லுக்குள் போட்டுவிடலாம். வாலிபக் குறும்பு என்ற தொனி அதில் இருக்கும். நமக்கு இது புதிதல்ல. 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, ஆட்டோவில் வந்த ஆண்களின் 'கேலி'யால் உயிரிழந்த பிறகு தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே 'ஈவ் டீசிங்' என்ற சொல் இருந்தது. பிற்பாடுதான் அதைப் பெண்களைத் துன்புறுத்தல் என்று மாற்றினார்கள். எகிப்தியப் பெண்களுக்கும் முதல் சண்டை சொல்லோடுதான். 'முஆக்சா' அல்ல, 'தஹர்ருஷ்', அதாவது துன்புறுத்தல் என்று சொல்லவைக்கவே பல ஆண்டுகள் பிடித்தன.

2006 அக்டோபர், நோன்புப் பெருநாள் விடுமுறை. கெய்ரோவின் மையப்பகுதியில், ஒரு திரையரங்கின் அருகே கூடிய ஆண்கள் கூட்டம் அவ்வழியே வந்த பெண்களைத் துரத்தித் துரத்தித் தாக்கியது, ஆடைகளைப் பிடித்து இழுத்தது. சில கடைக்காரர்கள் பெண்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக் காப்பாற்றினார்கள். தங்களுக்குப் புகார் எதுவும் வரவில்லை என்றது அரசுத் தரப்பு. ஆனால் அங்கிருந்த வலைப்பதிவர்கள் பார்த்ததை எழுதினார்கள், படங்களை வெளியிட்டார்கள். செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் அதற்குப் பிறகே வாய் திறந்தன. எகிப்தில் தொழில்நுட்பம் பெண்களுக்குச் செய்த முதல் உதவி என்று நான் இதைத்தான் சொல்வேன். அது யாரையும் காப்பாற்றவில்லை. நடக்கவில்லை என்று சொல்ல முடியாமல் ஆக்கியது.

2008இல் எகிப்தியப் பெண்ணுரிமை மையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. கேட்கப்பட்ட எகிப்தியப் பெண்களில் 83 விழுக்காட்டினர் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஆண்களில் 62 விழுக்காட்டினர் தாங்கள் அதைச் செய்ததாகவே ஒப்புக்கொண்டார்கள். இந்த இரண்டாவது எண்தான் என்னை இன்றும் உலுக்குகிறது. மறைக்க வேண்டிய ஒன்றாகக்கூட அவர்களுக்கு அது படவில்லை. அதே ஆண்டு, ஓர் இளம் பெண் தன்னைத் தொட்ட வண்டியோட்டியை விடாமல் பிடித்துக் காவல்நிலையம் வரை கொண்டுபோனார். முதலில் புகாரை எழுதவே தயங்கிய வழக்கில் அவனுக்கு மூன்றாண்டுச் சிறை கிடைத்தது.

அந்த மையத்தில் பணியாற்றிய ரெபேக்கா சியாவோ, எங்கி கோஸ்லான் உள்ளிட்ட நான்கு பெண்கள் 2010 டிசம்பரில் 'ஹராஸ்மேப்' என்ற வரைபடத்தைத் தொடங்கினார்கள். அதன் அடிப்படை மென்பொருள் 'உஷாஹிதி'. 2008இல் கென்யாவில் தேர்தலுக்குப் பின் வெடித்த வன்முறையைப் பதிவுசெய்ய அங்கே உருவாக்கியது. சுவாஹிலி மொழியில் அந்தச் சொல்லுக்குச் சாட்சியம் என்று பொருள். வேலை எளிது: எந்த இடத்தில் என்ன நடந்தது என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். பெயர் சொல்ல வேண்டாம். நகர வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். எங்கே புகார் கொடுக்கலாம், மனநல உதவி எங்கே கிடைக்கும் என்ற விவரம் பதிலாக வரும். விலையுயர்ந்த கைப்பேசி தேவைப்படவில்லை என்பது முக்கியம். நம்மூரில் பெண்களுக்கென்று வரும் பல செயலிகள் இந்த இடத்திலேயே தடுக்கி விழுகின்றன.

புள்ளிகள் ஒன்றைக் காட்டிக்கொடுத்தன. 'கெட்ட ஏரியா' என்று ஒன்று தனியாக இல்லை. பணக்காரத் தெரு, பேருந்து, பல்கலைக்கழக வாசல் என எல்லா இடத்திலும் சிவப்பு. பட்டப்பகலிலும் சிவப்பு. ராத்திரியில் ஏன் போனாய், என்ன உடுத்தியிருந்தாய் என்ற கேள்விகளுக்கு வரைபடமே பதில் சொன்னது. ஆனால் தெருவரைபடத்தில் வீட்டுக்குள் நடப்பதற்குப் புள்ளி விழாது. குறுஞ்செய்தி அனுப்பத் தெரியாத, கையில் கைப்பேசி இல்லாத பெண்ணும் அதில் தெரிய மாட்டாள். வரைபடத்தைப் படிக்கும்போது இந்த வெற்றிடங்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஹராஸ்மேப்பை நான் மதிப்பது வரைபடத்துக்காக மட்டுமல்ல. அந்தப் புள்ளிகளை எடுத்துக்கொண்டு தன்னார்வலர்கள், ஆண்களும் பெண்களுமாக, தெருவில் இறங்கினார்கள். பெட்டிக்கடைக்காரர், கட்டடக் காவலாளி, வாகன நிறுத்தத்தில் நிற்பவர் என நாள் முழுதும் தெருவிலேயே இருப்பவர்களிடம் பேசினார்கள். "உங்கள் கண் முன்னால் நடக்கும்போது ஏன் சும்மா இருக்கிறீர்கள்?" என்பதுதான் கேள்வி. 2006இல் கதவைச் சாத்திக் காப்பாற்றிய அந்தக் கடைக்காரர்களை ஊரெங்கும் உருவாக்கும் முயற்சி அது. அவசரப் பொத்தானை அழுத்து, நீயே உன்னைக் காத்துக்கொள் என்று பெண்ணின் தலையிலேயே பொறுப்பைக் கட்டும் அணுகுமுறைக்கு இது நேர் எதிர்.

வரைபடம் தொடங்கிய அடுத்த மாதமே புரட்சி வந்தது. தஹ்ரீர் சதுக்கத்தில் ஆண்களும் பெண்களும் தோளோடு தோள் நின்றார்கள் என்று உலகமே எழுதியது. அதே சதுக்கத்தில்தான் 2012, 2013 ஆண்டுகளில் கூட்டுப் பாலியல் தாக்குதல்கள் நடந்தன. 2013 ஜனவரி 25 அன்று ஒரே நாளில் 19 தாக்குதல்கள் பதிவாயின. 'பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான நடவடிக்கை' என்ற தன்னார்வக் குழு அவசரத் தொலைபேசி எண்களை அச்சடித்துக் கூட்டத்தில் கொடுத்தது. அழைப்பு வந்ததும் மீட்புக் குழு கூட்டத்தைப் பிளந்து உள்ளே போனது. அந்த எண்ணுக்கு மதிப்பு கொடுத்தது, அழைத்தால் ஓடிவரும் மனிதர்கள் மறுமுனையில் இருந்ததுதான்.

2014 ஜூனில் பாலியல் துன்புறுத்தல் எகிப்தின் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமாக இடம்பெற்றது. அப்போது விதிக்கப்பட்ட சிறைத் தண்டனை குறைந்தது ஆறு மாதம். கெய்ரோ பல்கலைக்கழகமும் அதையொட்டித் தனக்கென ஒரு கொள்கையை வகுத்தது.

2020 ஜூலையில் நதீன் அஷ்ரஃப் என்ற 22 வயது மாணவி இன்ஸ்டகிராமில் 'அசால்ட் போலீஸ்' என்ற பக்கத்தைத் தொடங்கினார். ஓர் இளைஞனுக்கு எதிரான சாட்சியங்கள் அங்கே குவிந்தன. சில நாட்களில் அவன் கைதானான், பின்னர் தண்டனையும் பெற்றான். ஆகஸ்டில், புகார் தரும் பெண்களின் அடையாளத்தைக் காக்கும் சட்டத்திருத்தத்துக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. அந்த ஜூலை மாதக் கடைசியில்தான் கெய்ரோ நீதிமன்றம் ஒன்று, டிக்டாக்கில் காணொளிகள் வெளியிட்ட இரண்டு இளம்பெண்களுக்கு, குடும்ப விழுமியங்களை மீறியதாக, ஆளுக்கு இரண்டாண்டுச் சிறையும் மூன்று லட்சம் பவுண்டு அபராதமும் விதித்தது.