நெஞ்சுக்குழி

பள்ளிக்கூடம் விட்டதும் குருவிகுளத்துப் பையன்களுக்குக் கிணறுதான். மோட்டார் ரூம் மேலே ஏறி ஒவ்வொருத்தனாகக் குதிப்பான். அதில் ஒருத்தன் மட்டும் சட்டையோடு குதிப்பான். என் அக்கா மகன், எனக்கு மருமகன் முறை. ஈரச் சட்டையோடு வீட்டுக்கு வந்து அக்காவிடம் ஏச்சு வாங்குவான், ஆனால் கழற்ற மாட்டான். பத்து வயதில் ஒரு பள்ளமாகத் தெரிந்தது, பதிமூன்று வயதில் உயரம் கூடக்கூட ஆழமாகிவிட்டது. நெஞ்செலும்பின் கீழ்ப்பாதி உள்ளே போய், நடுவில் ஒரு கை நிறையத் தண்ணீர் நிற்கும்.

"கைப்புள்ளையில குப்புறப் போட்டு வளத்தா இப்படித்தாம்லே ஆவும்" என்றாள் ஆச்சி. பக்கத்து வீட்டு அண்ணாச்சி, காசநோய் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஆச்சி சொன்னதை அவள் நம்பிவிட்டாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஆச்சியை மட்டும் குறை சொல்ல முடியாது. ஜெர்மனியில் இதற்கு 'சக்கிலியன் நெஞ்சு' என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. செருப்பு தைப்பவர்கள் அச்சுக்கட்டையை நெஞ்சில் அண்டக்கொடுத்து வேலை பார்ப்பதால் குழி விழுகிறது என்று நினைத்தார்கள். இது பிறவியிலேயே அமைவது; விலா எலும்புகளை நெஞ்செலும்போடு இணைக்கும் குருத்தெலும்புகள் வளர்கிற விதத்தில் வருகிற கோளாறு. ஏறத்தாழ 300, 400 குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கும், பெண்களைவிட ஆண்பிள்ளைகளுக்கு நாலைந்து மடங்கு அதிகம். வளர்ச்சி வேகம் பிடிக்கிற வயதில் மோசமாகும். குடும்பத்தில் ஓடுவதும் உண்டு. குப்புறப் படுத்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதை நான் அக்காவிடம் மூன்று முறை சொன்னேன்.

அறுவை சிகிச்சை செய்யலாமா என்ற பேச்சு வந்தபோதுதான் இதன் வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன். மருமகனுக்கு வயது பதினாலு. எங்கள் கேள்வி இரண்டு: எப்போது, எவ்வளவு? தேடிப் பார்த்தால், டாக்டர்களும் இந்த இரண்டு கேள்விகளோடுதான் நூறு வருஷமாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

1911-ல் லுட்விக் மேயர் என்ற ஜெர்மன் மருத்துவர் சில குருத்தெலும்புகளை வெட்டியெடுத்துப் பார்த்தார், பெரிய பலனில்லை. 1913-ல் சாவர்புருக் துணிந்து இறங்கினார். நோயாளி, அப்பாவின் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பதினெட்டு வயதுப் பையன். கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கும், படபடக்கும். முன் நெஞ்சுச் சுவரில் ஒரு பகுதியையே வெட்டி எடுத்துவிட்டு, தசையை மேலே மூடினார். அடியில் இதயம் துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது என்று பதிவு இருக்கிறது. பையன் பிழைத்தது மட்டுமல்ல, நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கிற அளவுக்குத் தேறினான். அழகுக்காகச் செய்த வேலை இல்லை அது. ஆழமான குழி இதயத்தை இடப்பக்கமாகத் தள்ளும், நுரையீரலுக்கு இடம் குறையும்.

1949-ல் அமெரிக்காவில் மார்க் ராவிச் எட்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். கோணலான குருத்தெலும்புகளை எல்லாம் எடுத்துவிடுவது, நெஞ்செலும்பைச் சுற்றிலும் விடுவித்து, குறுக்கே வெட்டி, நிமிர்த்தி வைப்பது. அதன்பின் சுமார் ஐம்பது வருஷம் இதுதான் முறை. அதே 1949-ல்தான் வேலூர் சி.எம்.சி.யில் ரீவ் பெட்ஸ், இந்தியாவின் முதல் நெஞ்சு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அன்றைக்கு நம்மூரில் நெஞ்சைத் திறந்தால் அது பெரும்பாலும் காசநோய்க்காகத்தான். பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் பயம் அந்தக் காலத்து மிச்சம்.

ராவிச் முறை பலித்தது, அதுவே பிறகு தொந்தரவாகவும் ஆனது. குழந்தையின் எலும்பு இளசு, சீக்கிரம் செய்தால் சுலபம் என்று நினைத்து, பள்ளிக்கூடம் சேரும் வயதுக்கு முன்பே பல பிள்ளைகளுக்குச் செய்துவிட்டார்கள். விலா எலும்பு நீள்வதே அது குருத்தெலும்போடு சேரும் இடத்தில்தான். அந்த இடத்தையும் சேர்த்து வெட்டினால் கூடு எப்படி வளரும்? பிள்ளை வளர்ந்தது, நெஞ்சு வளரவில்லை. 1996-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஹாலர், அப்படி நெஞ்சுக்கூடு இறுகிப்போய் மூச்சுக்குத் திணறிய 12 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அளவுக்கு மீறி, காலத்துக்கு முந்தி என்பதைக் கட்டுரையின் தலைப்பிலேயே வைத்துவிட்டார். குழி விழுந்ததோடு விட்டிருந்தால் ஓடியாடியிருக்கக்கூடிய பிள்ளைகள். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அக்காவிடம் சொல்லவும் இல்லை.

இதற்குள் வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக்கில் டொனால்ட் நஸ் என்ற குழந்தை அறுவை மருத்துவர் வேறு வழியில் யோசித்திருந்தார். தென்னாப்பிரிக்காவில் மருத்துவம் படித்தவர். அவருடைய கேள்வி எளிமையானது. பல்லுக்குக் கம்பி கட்டி நேராக்குகிறோம். நாள்பட்ட நுரையீரல் நோயால் வயதானவர்களுக்கே நெஞ்சு பீப்பாய் மாதிரி உப்பி வடிவம் மாறுகிறது. அப்படியானால் இளசான குருத்தெலும்பை எதற்கு வெட்ட வேண்டும்?

1987-ல் முதன்முதலாகச் செய்தார். இரண்டு அக்குள் பக்கமும் சிறு கீறல். பையனின் நெஞ்சளவுக்கு வில்லாக வளைத்த எஃகுப் பட்டையை, குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி, நெஞ்செலும்புக்கும் இதயத்துக்கும் நடுவே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செலுத்தி, அப்படியே புரட்டுவது. நெஞ்சு அங்கேயே, அப்போதே மேலே எழும்பிவிடும். எதையும் வெட்டி எடுப்பதில்லை. பட்டை இரண்டு, மூன்று வருஷம் உள்ளே இருந்து, வளர்கிற கூட்டைப் புது வடிவத்துக்குப் பழக்கும், பிறகு எடுத்துவிடுவார்கள். நஸ் உடனே தம்பட்டம் அடிக்கவில்லை. பத்து வருஷம், 42 பிள்ளைகள், அதற்குப் பிறகுதான் 1998-ல் எழுதினார். ஆரம்பத்தில் பட்டை மெலிசாகப் போய்ச் சில சரியாக அமையவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அந்த இடத்தில்தான்.

ஆபத்தில்லை என்று சொல்ல மாட்டேன். பட்டை போகிற வழி இதயத்தை உரசிக்கொண்டு போகிறது, அதில் உயிருக்கு ஆபத்தான காயங்கள் நேர்ந்திருக்கின்றன. இப்போது கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டே செலுத்துகிறார்கள். பட்டை நகர்ந்துவிடலாம். வலி கடுமையாக இருக்கும். அதனால்தான் எல்லாக் குழிக்கும் செய்வதில்லை. நெஞ்சின் அகலத்தை, நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து ஒரு எண் பார்க்கிறார்கள். அதே ஹாலர் பெயரில், அதே 1987-ல் வந்த கணக்கு. சராசரி 2.5, 3.25-ஐத் தாண்டினால் அறுவையை யோசிக்கலாம்.

மருமகனுக்கு ஸ்கேனில் 3.9 வந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து அக்காவுக்குக் காட்டினார், இதயம் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. "இது நீங்க வளர்த்ததால வந்தது இல்லம்மா" என்றார், நாங்கள் கேட்காமலே. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் மூன்று முறை சொன்னது ஏறவில்லை, அவர் ஒரு முறை சொன்னது ஏறிவிட்டது.

மூச்சுத் திறனும் இதயமும் பரிசோதித்துவிட்டு, பரீட்சை முடிந்து கோடை லீவில் செய்யலாம் என்றார். மருமகன் அதுவரை வாயைத் திறக்கவில்லை. எழுந்திருக்கும்போது கேட்டான்: "சார், கம்பி உள்ள இருக்கும்போது கபடி ஆடலாமா?"

"எடுக்கிற வரைக்கும் கபடி வேண்டாம்."

"நீச்சல்?"

"மூணு மாசம் போகட்டும், அப்புறம் தாராளமா."

பஸ்ஸில் சங்கரன்கோவில் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். விரல்விட்டு மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தான்.