பிளீடிங் மெட்ராஸ்

துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்கி, கட்டங்களின் நிறங்கள் ஒன்றில் ஒன்று கலந்து மங்கிக்கொண்டே வரும் சென்னைக் கைத்தறிப் பருத்தித் துணிக்கு 1960-களில் அமெரிக்கச் சந்தையில் வழங்கிய பெயர் பிளீடிங் மெட்ராஸ். நம்மூர்க் கைலிக் கட்டங்களுக்கு நெருங்கிய உறவுடைய துணி இது. சட்டை, அரைக்கால் சட்டை, கோடைக் கோட்டு ஆகியவற்றுக்கு அங்கே பயன்பட்டது.

குருதி கசிவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே, துணியிலிருந்து சாயம் நீரில் இறங்கி உடன் ஊறும் வேறு துணியில் ஏறுவதையும் குறிக்கிறது. நம் வீடுகளில் ‘சாயம் போகுது’ என்று சொல்வது இதைத்தான். வெயில் பட்டு வெளிறுவது ‘ஃபேடிங்’, உரசினால் நிறம் ஒட்டிக்கொள்வது ‘க்ராக்கிங்’. மூன்றுக்கும் காரணங்கள் வேறு என்பதால் சோதனைகளும் வேறு. துவைப்பில் சாயம் நிற்கிறதா என்பதை 1 முதல் 5 வரையிலும், ஒளியைத் தாங்குகிறதா என்பதை 1 முதல் 8 வரையிலும் மதிப்பிடுகிறார்கள். எண் கூடினால் சாயம் கெட்டி.

சாயம் ஏன் இறங்குகிறது? அவுரி நீலம் நீரில் கரையாது. தொட்டியில் அதை நொதிக்கவைத்துக் கரையும் வடிவுக்கு மாற்றி, நூலை முக்கி எடுத்துக் காற்றில் உலர்த்தினால், இழைக்குள்ளேயே மீண்டும் நீலமாகத் தங்கிவிடும். பருத்தியோடு அது வேதிப் பிணைப்புக் கொள்வதில்லை. இழையின் மேற்பரப்பில் ஒட்டிய துகள்கள் துவைப்பில் உதிர்கின்றன. மஞ்சளின் பிடிப்பு இன்னும் குறைவு. சாயவேர்ச் சிவப்பு இதற்கு நேர்மாறு. படிகாரத்தின் துணையால் அது இழையை இறுகப் பற்றிக்கொள்ளும்.

இந்தச் சாயவேர்ச் சிவப்பை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சோழமண்டலக் கரையின் சாயக்காரர்களுக்குக் கெட்டிச்சாயம் தெரியாது என்று பிளீடிங் மெட்ராஸை வைத்து எண்ணிவிடக் கூடாது. துவைத்தாலும் மங்காத நிறம் என்பதற்காகவே 17-ஆம் நூற்றாண்டில் இக்கரையின் அச்சுத் துணிகளும் சித்திரத் துணிகளும் ஐரோப்பாவில் விரும்பி வாங்கப்பட்டன. உள்நாட்டு நெசவைக் காக்க 1686-இல் பிரான்ஸ் அவற்றைத் தடைசெய்யும் அளவுக்கு அந்த மோகம் வளர்ந்தது. சாயமிடும் முறையைப் படிப்படியாக விவரித்து ஏசு சபைப் பாதிரியார் கேர்டூ 1742-இல் பிரான்சுக்குக் கடிதம் எழுதினார். கெட்டியாகச் சாயமிடுவதற்குப் பல நாள் உழைப்பும் பக்குவமும் வேண்டும். அன்றாட உடுப்புக்கான மலிவான கட்டத் துணிக்கு அவ்வளவும் செலவிட முடியாது. இரண்டும் ஒரே கரையின் சரக்குதான்.

அமெரிக்கக் கதை 1958-இல் தொடங்குகிறது. பின்னாளில் லீலா ஓட்டல் குழுமத்தை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயர் அப்போது கைத்தறி ஏற்றுமதியாளர். நியூயார்க் வணிகர் வில்லியம் ஜேக்கப்சன் அவரிடம் துணி வாங்கி, புரூக்ஸ் பிரதர்ஸ் ஆடை நிறுவனத்துக்கு விற்றார். குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைக்க வேண்டும் என்று நாயர் சொன்ன எச்சரிக்கை கடைக்காரர்களிடம் போய்ச் சேரவில்லை என்பார்கள். இயந்திரத்தில் துவைத்தவர்களின் சட்டையெல்லாம் நிறம் கலங்கிப்போக, புகார்கள் குவிந்தன. விளம்பரக்காரர்கள் அந்தக் குறையையே பெருமையாக்கி, சாயம் போகும் என்று உத்தரவாதம் தந்து விற்றார்கள். அந்த வாசகம் விளம்பர நிபுணர் டேவிட் ஓகில்வியினுடையது என்று கூறுவதுண்டு. ஒவ்வொரு துவைப்பிலும் புது நிறம் காட்டும் சட்டை கல்லூரி மாணவர்களிடையே மோஸ்தரானது.

அது வெறும் விளம்பர உத்தி என்று ஒதுக்க முடியாது. நீலமும் மஞ்சளும் கலந்து மெல்லப் பச்சை சாயும் கட்டங்களின் மென்மையைப் புதுத் துணியில் காண இயலாது. ஆனால் புகழ் முழுவதும் விளம்பரத்துக்கே போய், நூலுக்குச் சாயமேற்றிய கைகள் பெயரில்லாமல் நின்றன.

பருத்தியோடு வேதிப் பிணைப்பே கொள்ளும் ரியாக்டிவ் சாயங்கள் 1956-இல் விற்பனைக்கு வந்தன. இன்று மெட்ராஸ் கட்டம் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை சாயம் போகாதவை. இயற்கைச் சாயக் கைத்தறி வாங்கினால் முதல் சில முறை குளிர்ந்த நீரில் தனியாக அலசி, நிழலில் உலர்த்துங்கள். உப்பு நீரில் ஊறவைப்பதால் மட்டும் சாயம் நிலைத்துவிடாது.