சீன முஸ்லிம்களின் சாச்சுவான்: கதை எது, ஸனத் எது?



"சேர், நம்ம சீனடி சீனாவில இருந்தா வந்தது?"

ஆண்டு 10 மாணவர் ஒருவர் கேட்டார். பெயர் மட்டும் ஆதாரமாகாது என்றேன். ஆனால் சீனாவிலேயே முஸ்லிம்கள் வளர்த்த ஒரு தற்காப்புக் கலை இருக்கிறது. அதன் வரலாறு இந்தக் கேள்விக்கு நல்ல பாடம்.

அதன் பெயர் சாச்சுவான். 'சா' என்பது குடும்பப் பெயர், 'சுவான்' என்றால் முஷ்டி. ஊர், ஷாண்டோங் மாகாணத்தின் குவான் மாவட்டம். அங்கு வாழும் ஹுய் முஸ்லிம்கள் சீன மொழி பேசுபவர்கள். பத்துத் தொடர்கள் கொண்ட இந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் அவர்கள்தான்.

இதன் தொடக்கம் பற்றி இரண்டு கதைகள் உண்டு.

முதலாவது, மிங் ஆட்சிக் காலக் கதை. ஜப்பானியக் கடற்கொள்ளையர் கிழக்குக் கரையைச் சூறையாடுகிறார்கள். அவர்களை எதிர்க்க மேற்கு எல்லையிலிருந்து வந்த படையில் சா ஷாங்யி என்ற முஸ்லிம் வீரரும் இருக்கிறார். வழியில் நோயுற்று குவானில் தங்கிவிடுகிறார். ஊர் மக்கள் அவரைப் பராமரிக்கிறார்கள். சுகமானதும், நன்றிக்கடனாகத் தன் கலையைக் கற்றுக்கொடுக்கிறார்.

இரண்டாவது, டாங் ஆட்சிக் காலக் கதை. ஹுவா சோங்ச்சி என்ற படைத்தளபதி அதே குவானில் தங்கிக் குணமடைகிறார். அவரும் நன்றிக்காகவே கற்பிக்கிறார். மாணவர் பெருகவே, தன் மூத்த தோழர் சா யுவான்யியை அழைக்கிறார். ஹுவா கற்பித்தது ஹுவாச்சுவான், சா கற்பித்தது சாச்சுவான்.

டாங் ஆட்சி 907இல் முடிந்தது. கடற்கொள்ளையர் தொல்லை உச்சத்தில் இருந்தது 16ஆம் நூற்றாண்டில். இடைவெளி 600 ஆண்டுகளுக்கு மேல்! இரண்டுமே வரலாறாக இருக்க முடியாது.

அப்படியானால் பொய்யா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். இரண்டிலும் மாறாத ஒன்றைப் பாருங்கள். வந்தவர் நாட்டைக் காக்க வந்தவர், ஊர் அவரைத் தாங்கியது, அவர் நன்றி மறக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் யுன்னானிலும் வடமேற்கிலும் ஹுய் கிளர்ச்சிகள் நசுக்கப்பட்டன. அப்படியொரு காலத்தைக் கடந்த சிறுபான்மைச் சமூகம், "நாங்கள் இந்த மண்ணுக்கு அந்நியர் அல்ல" என்று சொல்லிக்கொண்ட விதமாகவே எனக்கு இந்தக் கதைகள் படுகின்றன. அந்த ஏக்கம் எமக்குப் புரியாததல்ல.

ஆனால் கதை வேறு, ஸனத் வேறு. ஒரு ஹதீஸைக் கேட்டால், "யார் அறிவித்தார், அவருக்கு யார்?" என்று பெயர் பெயராகக் கேட்ட சமூகம் நாம். சாச்சுவானிலும் அந்தச் சங்கிலி உண்டு. ஜாங், யாங், லீ என மூன்று கிளைகள். யாங் கிளையின் ஆசான் யாங் ஹோங்ஷியூ. அவரது மாணவர் ஹெபெய் மாகாணத்தின் சாங்ஜோவில் பிறந்த வாங் ஸிபிங் (1881–1973). 1928இல் நான்ஜிங்கில் தொடங்கிய மத்திய தற்காப்புக்கலை நிறுவனத்தில் ஷாவோலின் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். அவர் மகள் வாங் ஜூரோங் இதே துறையில் பேராசிரியரானார். ஆசான், மாணவர், மகள் என்ற இந்த வரிசையில் கற்பனை இல்லை.

பெரிய பெயரில் கலையைக் கட்டிவைப்பது முஸ்லிம்களிடம் மட்டும் உள்ள பழக்கமல்ல. '7ஆம் அறிவு' பார்த்த பலர், குங்ஃபூவை உருவாக்கியவர் போதிதர்மர் என்று நம்புகிறார்கள். அவர் ஷாவோலின் துறவிகளுக்கு உடற்பயிற்சி தந்தார் என்ற கதையின் வேர், 1624இல் எழுதப்பட்ட ஒரு நூல். அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு 1,000 ஆண்டுகளுக்குப் பிந்தியது அது.

சீனடிக்கு வருவோம். சீனாவில் தேடுவதற்கு முன் எங்கள் ஊரில் தேடுவோம். சீனடியும் சிலம்படியும் தெரிந்த மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த வாரமே போய்க் கேளுங்கள்: உங்களுக்கு யார் கற்றுத் தந்தார்? அவருக்கு யார்? மூன்று பெயர் கிடைத்தாலும் எழுதிவையுங்கள். அவர்கள் மௌத்தாகிவிட்டால் எமக்கு மிஞ்சுவது கதை மட்டும்தான்.

தெரிந்த பெயர்களைக் கமெண்டில் பதியுங்கள்.