வண்டிக் கதவின் பூட்டு வந்த வழி

நாம் நாடோறும் வழங்கும் 'சாவி' என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. 'திறவுகோல்' என்னும் பழஞ்சொல் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிட்டது. பொருள் மாறுந்தோறும் அதன் பெயரும் மாறுவது உலக இயல்பு. இன்று பெங்களூர் ஜெயசாமராஜேந்திர சாலையின் உதிரிபாகக் கடைகளில் 'சென்டர் லாக்' என்று கேட்டால், கன்னடம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒருங்கே விளங்கிக்கொள்வர். ஏட்டில் அதனை 'மையப் பூட்டு' என்று பெயர்க்கிறோம். அதன் வரலாற்றை அறிந்தால், அது பழுதுறும்போது எங்கே தேடுவது என்பதும் விளங்கும்.

தொடக்கக் கால மோட்டார் வண்டிகளில் ஒவ்வொரு கதவையும் தனித்தனியே பூட்ட வேண்டியிருந்தது. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பக்கார்டு வண்டிகளில் மின்விசையால் இயங்கும் கதவுப் பூட்டு இடம்பெற்றது. ஜெர்மானிய மெர்சிடிஸ் வண்டிகள் சிலவற்றில், குழாய்களிலுள்ள காற்றின் அழுத்த வேறுபாடே அவ்வேலையைச் செய்தது. 1982இல் பிரான்சு நாட்டு ரெனோ பியூகோ வண்டியில், தொலைவிலிருந்தே கதவைத் திறக்கும் கருவி வந்தது. அதனை ஆக்கியவர் பால் லிப்சுட்ஸ். அவர் பெயரை ஒட்டியே பிரெஞ்சு மக்கள் அக்கருவியைப் 'பிளிப்' என்கின்றனர்.

1986இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம், வண்டியின் பல கருவிகளும் ஓரிணைக் கம்பி வழியே செய்தி பரிமாறும் 'கேன்' என்னும் முறையை வெளியிட்டது. அந்நிறுவனத்தைச் சார்ந்து 1951இல் இந்தியாவில் தோன்றியதே 'மைக்கோ'. பெங்களூர் ஆடுகோடியில் அதன் ஆலை பல்லாண்டுகள் ஊருக்கு அடையாளமாய் விளங்கிற்று. 2008இல் அந்நிறுவனமும் பாஷ் என்றே பெயர் மாறியது.

இனி, இப்பூட்டு இயங்கும் முறையைக் காண்போம். ஓட்டுநர் சாவியைத் திருப்பினாலும் பொத்தானை அழுத்தினாலும், அச்செய்தி ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியை அடைகிறது. அது கதவுதோறும் உள்ள சிறு மோட்டாருக்கு நொடிப்பொழுது மின்சாரம் அனுப்புகிறது. மோட்டார் ஒரு கம்பியைத் தள்ளவோ இழுக்கவோ செய்யப் பூட்டு விழுகிறது அல்லது திறக்கிறது.

ஆகவே பழுதை ஆராய்வோர் முதலில் கேட்க வேண்டிய வினா, 'எல்லாக் கதவுகளுமா, ஒன்று மட்டுமா?' என்பதே. எல்லாக் கதவுகளும் அசையாவிடின் வண்டியின் பேட்டரி, பியூஸ், கட்டுப்பாட்டுப் பெட்டி என்னும் வரிசையில் பார்த்தல் தகும். சாவியால் இயங்கி, ரிமோட்டால் இயங்காவிடின், ரிமோட்டினுள் இருக்கும் சிறு பேட்டரியை முதலில் மாற்றிப் பார்க்கலாம். ஒரு கதவு மட்டும் இயங்காவிடின், கதவும் உடலும் சேருமிடத்தில் உள்ள ரப்பர் உறையைத் திறந்து நோக்க வேண்டும். கதவு திறந்து மூடுந்தோறும் அங்கே ஒயர்கள் வளைந்து நிமிர்வதால், நாளடைவில் அவை அறுந்துபோவதுண்டு. பொத்தானை அழுத்தும்போது மோட்டாரின் முனையில் 12 வோல்ட் மின்சாரம் வந்தும் மோட்டார் சுழலாவிடின், குற்றம் மோட்டாருடையது. மின்சாரமே வாராவிடின், குற்றம் வழியிலுள்ளது. பூட்டிய உடனே கதவுகள் தாமே திறந்துகொண்டால், ஏதோ ஒரு கதவு தான் பூட்டப்படவில்லை என்று பெட்டிக்கு அறிவிப்பதாகக் கொள்ளலாம். இவ்வொழுங்கின்றிப் பெட்டியையே முதலில் மாற்றுவது வீண் செலவு.

இப்பழுதைச் சிறு தொல்லையெனத் தள்ளுதல் கூடாது. மூடிய வண்டியுள் வெயிலின் வெப்பம் விரைந்து ஏறும். உள்ளே அகப்பட்ட குழந்தைக்கு அது உயிர்க்கேடு. மோதலிலோ தீயிலோ மின்சாரம் அற்றுப்போனால், கதவைத் திறக்கக் கையே துணை. இதனை எண்ணியே, 2019 ஜூலை முதல் இந்தியாவில் செய்யப்பெறும் கார்களில், மையப் பூட்டினைக் கையால் விடுவிக்கும் வழி இருத்தல் வேண்டுமென நடுவண் அரசு விதித்தது.

ஆயினும் விதி ஏட்டில் இருந்தால் போதாது. பழுது பார்த்து முடிந்தபின், ஒவ்வோர் இருக்கையிலும் அமர்ந்து, கதவைப் பூட்டி, உட்புறக் கைப்பிடியால் திறந்து பார்த்தே வண்டியைப் பெற்றுக்கொள்ளுதல் நலம். பின்கதவுகளில் குழந்தைகளுக்கான தனித் தடை போடப்பட்டிருப்பின், அதனை நீக்கிவிட்டே இச்சோதனையைச் செய்தல் வேண்டும். கள்வரைத் தடுப்பது பூட்டின் ஒரு பாதிக் கடமை. உள்ளிருப்போரைத் தடையின்றி வெளியே விடுவது மறு பாதி.