ஒரு வளவு, பல அடுப்பு

மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு கூட்டுக் குடும்பக் கதைகளாக எழுதித் தள்ளுகிறோமே, அந்தக் குடும்பம் செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்து நிற்பதைப் பார்க்கக் கானாடுகாத்தானுக்குத்தான் போக வேண்டும். போன தை மாதம் போய் வந்தேன்.

முகப்பு ஒரு தெருவில். கொல்லை வாசல் அடுத்த தெருவில். தூண்களெல்லாம் பர்மாத் தேக்கு. முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சைத் தொட்டால் பளிங்காகச் சில்லென்கிறது. ஆனால் என் கால்கள் நின்றது வளவில்தான். வானம் பார்த்த முற்றம். சுற்றிலும் அறைகள், கல்யாணமான மகனுக்கு ஒன்று வீதம். நகரத்தார் வழக்கப்படி கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே மகனை 'வேறு வைத்து' விடுவார்கள். அடுப்பு தனி, அரிசி பருப்பு தனி, கணக்கும் தனி. கூரையும் முன்னோருக்கு இடும் படைப்பும் மட்டும் பொது. சண்டை வருமுன்பே சமையலைப் பிரித்துவிட்ட சாமர்த்தியத்தை என்னவென்பது! லேவாதேவிக்காரர் மூளை அல்லவா?

சீனத்து ஷான்ஸி மாகாணத்து லேவாதேவிக்காரர்களும் முற்றத்துக்குப் பின் முற்றமாகத்தான் கட்டினார்கள். சம்பாத்தியம் தூர தேசத்தில், மாளிகை சொந்த ஊரில்.

1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தார்கள். சுதந்திர பர்மா 1948-இல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. வருமானம் நின்றது, வாரிசுகள் பெருகினார்கள்.

"நாற்பது பங்கு தம்பி," என்றார் சாவி வைத்திருந்த ஆச்சி. "ஒழுகுற ஓட்டை மாத்தணும்னாலும் நாற்பது பேரும் சரின்னு சொல்லணும். பாதிப் பேர் வெளிநாட்டுல."

வளவைச் சுற்றிப் பார்த்தேன். அறைக்கொரு பூட்டு. ஆச்சியிடம் இருந்தது ஒரே ஓர் அறையின் சாவி.